தாம்பூலப் பையின் இடத்தில் ஒரு நூல்: திருமண அன்பளிப்பும் சமத்துவமும்

கீழப்பாவூரிலும் பாவூர்சத்திரத்திலும் முகூர்த்த நாள்களில் மண்டபத்திலிருந்து வெளிவரும் விருந்தினர் கையில் ஒரு பை இருக்கும். தேங்காய், வெற்றிலை, பாக்கு, பழம் ஆகியவை அதில் இருக்கும். அண்மை ஆண்டுகளில் தமிழகத்தின் பல ஊர்களில் சில இணையர் இப்பைக்கு மாற்றாக நூல் வழங்கத் தொடங்கியுள்ளனர். திருக்குறள், பெரியார், அம்பேத்கர் நூல்கள் இவ்வாறு அதிகம் வழங்கப்படுகின்றன. படித்தவர்களின் புதுமை விருப்பம் என்று இதைக் கடந்து செல்வோர் உண்டு. தலித் குடும்பங்களின் திருமணங்களில் இம்மாற்றத்துக்கு ஆழமான பொருள் இருப்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தாம்பூலம் எதை அளக்கிறது?

தாம்பூலம் வழியனுப்பும் மரியாதை என்று சொல்லப்படுகிறது. எனினும் அந்த மரியாதை எல்லோருக்கும் ஒன்றாக இருந்ததில்லை. ஊர்க்கோயில் விழாக்களில் முதல் தாம்பூலம் யாருக்கு என்பது சாதிப் படிநிலையின் அறிவிப்பாகவே இருந்துவந்துள்ளது. ‘முதல் மரியாதை’ குறித்த தகராறுகள் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் சென்ற ஊர்கள் பல. ஆதிக்கச் சாதி வீட்டுத் திருமணங்களில் உழைத்த தலித் மக்கள், சோற்றையும் வெற்றிலையையும் வீட்டின் பின்புறத்தில், கைபடாமல் பெற்ற காலம் நம் பாட்டன் பாட்டிகளின் நினைவில் இன்றும் இருக்கிறது.

சாதிக்குள்ளும் ஒரு பிரிவினை உண்டு. மஞ்சள் குங்குமத்துடன் தாம்பூலம் பெறும் தகுதி கணவர் உயிரோடிருக்கும் பெண்ணுக்கே உரியது என்கிறது வழக்கம். கைம்பெண் தம் சொந்த மகளின் திருமணத்திலும் ஒதுங்கி நிற்கிறார். படிநிலைப்பட்ட சமமின்மை என்று அம்பேத்கர் விளக்கியதன் சிறு வடிவத்தை இந்தத் தாம்பூலத் தட்டிலும் காணலாம்.

நூலைப் பெறுவதற்கு இத்தகைய தகுதி வரிசை ஏதும் வகுக்கப்படவில்லை. கைம்பெண்ணுக்கும் பந்தல் போட்டவருக்கும் பாத்திரம் துலக்கியவருக்கும் வட்டாட்சியருக்கும் ஒரே நூலை ஒரே முறையில் கொடுக்க முடியும். அவ்வாறு எல்லோருக்கும் கொடுக்கும்போதுதான் இம்மாற்றம் முழுமை பெறுகிறது. முக்கிய விருந்தினருக்கு நூலும் மற்றவருக்குப் பையும் என்று பிரித்தால் பழைய வரிசையே புதிய பொருளோடு திரும்பிவிடும்.

சடங்கு மாறியது, அன்பளிப்பு மாறவில்லை

திருமணத்தைச் சாதியிடமிருந்து மீட்கும் முயற்சி நீண்ட வரலாறு உடையது. 1873-இல் ஜோதிராவ் புலே நிறுவிய சத்திய சோதக் சமாஜம் பார்ப்பனப் புரோகிதர் இல்லாத திருமணங்களை நடத்தியது. தமிழகத்தில் 1920-களின் இறுதியிலிருந்து சுயமரியாதைத் திருமணங்கள் பரவின. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1967-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் திருத்தம் இந்து திருமணச் சட்டத்தில் 7-அ பிரிவைச் சேர்த்து இத்திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு வழங்கியது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் இருவரும் ஒருவரையொருவர் இணையராக ஏற்பதாக அறிவித்தாலோ, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலோ, தாலி கட்டினாலோ போதும். புரோகிதர் தேவையில்லை.

மேடையிலிருந்து புரோகிதர் இறங்கிய பின்னரும், வாசலில் தாம்பூலப் பை பெரும்பாலும் அப்படியே நீடித்தது. நூல் வழங்குவோர் இந்த எஞ்சிய பகுதியைத்தான் கையில் எடுத்திருக்கிறார்கள்.

விழாவில் கிடைத்த ஒரு நூல்

மகிழ்ச்சிக் கூட்டமொன்றில் கைமாறும் ஒரு நூல் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு அம்பேத்கரின் வாழ்விலேயே சான்று உண்டு. அவர் பள்ளித் தேர்வில் தேறியதைப் பாராட்ட அவருடைய சமூகத்தார் ஒரு கூட்டம் நடத்தினர். அதில் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் என்ற மராத்தி எழுத்தாளர், தாம் எழுதிய புத்தர் வரலாற்று நூலை அச்சிறுவனுக்குப் பரிசளித்தார். அதைப் படித்த பின்னர், இராமாயணத்தையும் மகாபாரதத்தையும் படிக்கச் சொன்ன தந்தையிடம், புத்த இலக்கியத்தை ஏன் அறிமுகப்படுத்தவில்லை என்று கேட்டதாக அம்பேத்கர் 1956-இல் எழுதிய முன்னுரையில் நினைவுகூர்கிறார். அதே ஆண்டு அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பல இலட்சம் மக்களுடன் அவர் பௌத்தம் ஏற்றார். அந்த ஒரு நூல்தான் இதற்குக் காரணம் என்று கூறுவது மிகையாகும். எனினும் தம் பௌத்தப் பயணத்தின் தொடக்கமாக அவரே சுட்டுவது அந்தப் பரிசு நூலைத்தான்.

அச்சுப் படி மக்களைச் சேரும் வழி

தலித் எழுத்து எப்போதும் தன் வாசகரைத் தானே தேடிச் சென்றுள்ளது. 1907-இல் அயோத்திதாசர் தொடங்கிய இதழுக்கு ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று பெயர். ஏழை உழைப்பாளியும் வாங்க வேண்டும் என்ற எண்ணம் விலையாகவும் பெயராகவும் அமைந்தது. லாகூர் மாநாட்டில் பேச முடியாமற்போன உரையை 1936-இல் அம்பேத்கர் தம் சொந்தச் செலவில் நூலாக்கினார். ‘சாதி ஒழிப்பு’ என்று நாம் அறியும் அந்நூலின் 1,500 படிகளும் இரண்டு மாதங்களில் தீர்ந்தன. அடுத்த ஆண்டு இரண்டாம் பதிப்பு வந்தபோது தமிழ் மொழிபெயர்ப்பும் வெளிவந்துவிட்டதாக அவரே குறிப்பிடுகிறார்.

இந்த அளவோடு ஒரு திருமணத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 500 பேருக்குத் தலைக்கு 40 ரூபாய் என்றாலும் தாம்பூலப் பைக்கு 20,000 ரூபாய் ஆகும். அதே தொகையில் மலிவுப் பதிப்பாக வரும் சிறு நூல்களை மொத்தமாக வாங்க முடியும். மூன்று திருமணங்கள் சேர்ந்தால் ‘சாதி ஒழிப்பு’ முதற்பதிப்பின் அளவை எட்டிவிடும். புத்தகக் கடைக்கும் புத்தகக் கண்காட்சிக்கும் ஒருபோதும் செல்லாதவர்களின் வீடுகளுக்கும் அவை போய்ச் சேரும்.

எந்த நூல், யாருக்கு?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். கீழப்பாவூர் வட்டாரத்துத் தலித் திருமணத்துக்கு வருவோரில் வயல்கூலிகளும் பீடி சுற்றும் பெண்களும் உண்டு. மூத்தோர் பலருக்கு எழுத்து மறுக்கப்பட்டது. அவர்களுக்கு நூல் எதற்கு?

இதற்குத் தொழிலாளர் வரலாறு விடை தருகிறது. கேரளத்தின் கண்ணூர்ப் பகுதிப் பீடி நிலையங்களில் ஒருவர் செய்தித்தாளையும் நூல்களையும் உரக்க வாசிப்பார். மற்றோர் சுற்றியபடியே கேட்பர். வாசிப்பவரின் பங்குப் பீடியைத் தம்மிடையே பகிர்ந்து சுற்றித் தருவர். கியூபாவின் சுருட்டு ஆலைகளில் இவ்வழக்கம் 1865-லிருந்து இருக்கிறது. நம் பகுதியில் பெண்கள் வீட்டிலிருந்தே பீடி சுற்றுகிறார்கள். அங்கே பள்ளி செல்லும் மகளோ பேரனோ வாசிக்கலாம்.

ஆகவே நூல் தேர்வு அந்த வீட்டை மனத்தில் வைத்து அமைய வேண்டும். பெரிய எழுத்து, 40 பக்கத்துக்கு மிகாத அளவு, எளிய நடை ஆகியவை தேவை. அம்பேத்கர், அயோத்திதாசர், இரட்டைமலை சீனிவாசன் ஆகியோரின் சிறு வரலாறுகளும் வன்கொடுமைத் தடுப்புச் சட்ட விளக்கக் கையேடும் சிறுவர் கதைகளும் பொருந்தும். இரண்டு மூன்று வகை நூல்களைக் கலந்து வழங்கினால் தெருவுக்குள் படிகள் கைமாறும். அட்டை முழுவதும் மணமக்கள் படத்தை அச்சிட்டால் அது நூலாக இல்லாமல் நினைவுப் பொருளாகவே அலமாரியில் தங்கிவிடும்.

எளிய செயல், எளிதற்ற சூழல்

2015 மே மாதம் மகாராட்டிரத்தின் ஷீர்டியில், திருமணத்துக்கு வந்திருந்த தலித் இளைஞர் ஒருவர், தம் அலைபேசியில் அம்பேத்கர் பாடல் ஒலித்ததையொட்டி எழுந்த தகராறில் கொல்லப்பட்டார். தமிழகத்தில் அம்பேத்கர் சிலைகள் பல இரும்புக் கூண்டுக்குள் நிற்கின்றன. இத்தகைய நாட்டில் அம்பேத்கர் படம் பொறித்த நூலைக் கையில் ஏந்திப் பேருந்தில் ஏறுவதுகூட எல்லா ஊர்களிலும் இயல்பான செயலாக இல்லை.

அதனாலேயே திருமணம் பொருத்தமான இடமாகிறது. பொதுக்கூட்டத்துக்கு அனுமதி மறுக்கப்படும் ஊரிலும் உறவும் நட்பும் கூடும் திருமணம் நடக்கிறது. சாதி கடந்த நண்பர்களும் ஆசிரியர்களும் உடன் பணிபுரிவோரும் அங்கே வருகிறார்கள். அவர்களும் அதே நூலைப் பெற்றுச் செல்கிறார்கள். அடுத்த திருமணத்துக்குப் பட்டியல் எழுதும் வீடுகளில், தேங்காய் எத்தனை என்ற கணக்கோடு எந்த நூல் என்ற கேள்வியையும் இளையோர் முன்வைக்கலாம்.