கரையேறிய படகின் அடிப்புறம்

2018ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத நடுவில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியிருந்தபோது, திருவனந்தபுரத்துக் கடற்கரைகளிலிருந்து மீன்பிடிப் படகுகளைச் சுமந்த லாரிகள் வடக்கு நோக்கி விரைந்தன. பூந்துறை, விழிஞ்ஞம் முதலிய ஊர்களின் மீனவர்கள் பத்தனம்திட்டா மாவட்டத்திலும் செங்கன்னூர்ப் பகுதியிலும் மீட்புப் பணியில் இறங்கினர். மாநிலம் முழுவதும் அறுநூற்றுக்கும் மேற்பட்ட படகுகள் அப்பணியில் ஈடுபட்டன.

அலைகளுக்குப் பழகிய அப்படகுகள், நீருக்குள் மறைந்திருந்த மதிற்சுவர்களிலும் இரும்புக் கதவுகளிலும் உரசின. எண்ணற்ற உயிர்கள் காக்கப்பட்டன. படகுகள் பலவும் அடிப்புறத்தில் கீறலும் விரிசலுமாகத் திரும்பின. அவற்றைச் சீர்செய்து தருவதாக மாநில அரசு அறிவித்தது. அன்று ஒரு சில நாட்களில் நேர்ந்த சேதம், கவனிப்பாரற்ற படகுக்குச் சில பருவங்களில் மெல்ல மெல்ல நேர்ந்துவிடுகிறது. அதைத் தடுப்பது கடினமன்று.

துறைமுக நீரிலேயே மிதந்து நிற்கும் படகுக்குக் கொட்டலசும் பாசியும் பகை. அவை ஒட்டிக்கொண்டால் வேகம் குறையும். எரிபொருள் செலவு கூடும். செம்புச் சேர்மம் கலந்த பூச்சு அவற்றைத் தடுக்கும். முன்பு பயன்பட்ட வெள்ளீயச் சேர்மப் பூச்சுகள் கடல்வாழ் உயிர்களுக்குக் கேடு விளைவித்ததால், 2008 முதல் பன்னாட்டு உடன்படிக்கையால் தடைசெய்யப்பட்டுள்ளன.

ஆனால் கரைக்கு இழுக்கப்படும் படகின் நிலை வேறு. அடிக்கடி உலர்வதால் கொட்டலசு அதில் நிலைப்பதில்லை. அதன் பகைகள் மணலும் வெயிலும் தேங்கும் மழைநீருமே. மணலில் உராயும் அடிப்புறத்தில் செம்புப் பூச்சு நீடிக்காது. அதற்கான செலவும் வீணே.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தனர். கட்டுமரத்தைக் கரைசேர்த்ததும் கட்டுகளை அவிழ்த்து மரங்களை உலரவைத்தனர். பலகை வள்ளங்களுக்கு மத்தி மீன் எண்ணெயும் முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயும் பூசினர். 1980களில் இக்கரையில் ஒட்டுப்பலகைப் படகுகள் பரவின. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு அவற்றைக் கட்டும் தளங்களை நடத்தியது. ஒட்டுப்பலகையின் மேல் கண்ணாடி இழைப் போர்வை இருக்கும்வரை கவலையில்லை. போர்வை கிழிந்து நீர் உட்புகுந்தால், வெளியே தெரியாமலே பலகை உளுத்துப்போகும். சிறு கீறலையும் அலட்சியம் செய்யலாகாது என்பதற்கு இதுவே காரணம்.

படகு கரையேறியதும் நன்னீரால் உப்பையும் மணலையும் கழுவ வேண்டும். மென்மையான தூரிகையும் மிதமான சோப்பும் போதும். மணலை அள்ளித் தேய்ப்பதும் கம்பித் தூரிகையால் சுரண்டுவதும் மேற்பூச்சை அரித்துவிடும். கொட்டலசு ஒட்டியிருந்தால், ஈரம் காயுமுன் மரச் சுரண்டியால் சாய்வாகத் தள்ளி எடுக்கலாம்.

உலர்ந்தபின் அடிப்புறம் முழுவதையும் விரலால் தட்டிப் பாருங்கள். வெற்றொலி எழுமிடத்தில் அடுக்குகள் பிரிந்திருக்கலாம். அவ்விடத்தை நன்கு காயவிட்டு, பழுதான பகுதியை நீக்கி, கண்ணாடி இழையும் ரெசினும் கொண்டு அடைத்து, அதன்மேல் வண்ணம் பூச வேண்டும். ஈரத்தின் மேல் பூசிய ரெசின் பிடிக்காது. தேய்க்கும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். பழைய செம்புப் பூச்சை நீர்விட்டே தேய்க்க வேண்டும். கழிவைக் கடலில் விடக்கூடாது. மணலில் அதிகம் உராயும் ஏராவின் அடியில் தேய்மானப் பட்டை ஒன்றைப் பொருத்தினால், படகுக்குப் பதில் அது தேயும், தேய்ந்ததும் மாற்றிக்கொள்ளலாம்.

லாரியிலோ இழுவை வண்டியிலோ ஏற்றும்போது எடை முழுவதும் ஏராவின் மீது தங்க வேண்டும். பக்கவாட்டில் பழைய டயர்களோ மணல் மூட்டைகளோ தாங்கலாய் இருக்கட்டும். கயிறு உராயும் இடங்களில் சாக்கை மடித்து வையுங்கள். கரையில் நிறுத்தும்போது பின்புறம் சற்றே தாழ்ந்திருக்க, நீர்வடிகால் அடைப்பானைக் கழற்றிவிட்டால் மழைநீர் தேங்காது. காற்றோட்டத்துக்கு இடம்விட்டுப் போர்த்தினால் வெயிலின் கடுமையும் குறையும்.

படகு ஒரு குடும்பத்தின் முதலீடு. பெரும்பாலும் அது கடனாகப் பெற்ற முதலீடு. கீறலை உடனே அடைக்க ஆகும் செலவு சிறிது. உளுத்த பலகையை மாற்றும் செலவோ பன்மடங்கு. பழுது நீங்கும்வரை கடலுக்குச் செல்ல இயலாத நாட்களின் வருவாய் இழப்பும் அதனுடன் சேரும். தவணை தேதியோ காத்திராது. 2018-19 மத்திய நிதிநிலை அறிக்கையின் அறிவிப்பைத் தொடர்ந்து, கிசான் கடன் அட்டை வசதி மீன்வளத் தொழிலின் நடைமுறை மூலதனத் தேவைகளுக்கும் விரிவாக்கப்பட்டுள்ளது. தகுதியும் விதிமுறைகளும் குறித்துத் தங்கள் வங்கிக் கிளையை அணுகுங்கள்.

ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் அடிப்புறத்தைப் படமெடுத்து, செய்த பழுதுகளைத் தேதியுடன் குறித்து வைப்பதும் நல்ல பழக்கம். காப்பீட்டு உரிமை கோரும்போதும், படகை விற்கும்போதும் அக்குறிப்பேடு தங்கள் பக்கம் நின்று பேசும்.