முகச்சுளிப்பைத் துடைத்துவிட்டால்

யுவான் சுவாங் என்றதும் தமிழ் வாசகருக்கு நினைவு வருபவர் காஞ்சியைப் புகழ்ந்த சீனத் துறவி. அந்த உருவம் நிலைத்ததில் பாடப்புத்தகத்துக்கு உள்ள பங்கு கல்கிக்கும் உண்டு. 1944 முதல் 1946 வரை தொடராக வந்த ‘சிவகாமியின் சபதம்’ நாவலில் அவர் கதாபாத்திரமாகவே நடமாடுகிறார், பண்பும் அறிவும் நிறைந்த விருந்தாளியாக. அது பொய்யான சித்திரம் அல்ல. சுமார் 640இல் காஞ்சிக்கு வந்தவர், இந்நாட்டார் துணிவுள்ளவர்கள், வாய்மை பிறழாதவர்கள், கல்வியைப் பெரிதும் மதிப்பவர்கள் என்றே பதிவு செய்தார். ஆனால் அதே பயண நூலில் அடுத்து வருவது மலகூடம், அதாவது பாண்டிய நாடு. அங்குள்ளோர் கரிய நிறத்தவர், முரட்டுச் சுபாவம் உடையவர்கள், படிப்பில் அக்கறையில்லாமல் வணிக லாபத்திலேயே குறியாக இருப்பவர்கள் என்கிறார். காஞ்சிக்கு வடக்கே இருந்த சோழர் பகுதி ஒன்றின் மக்களையும் (ரேனாட்டுச் சோழரின் நாடு என்பது ஆய்வாளர் பலரின் கருத்து) மூர்க்கர்கள் என்கிறார். நாம் போற்றும் யுவான் சுவாங்கின் வாயில் இந்தச் சொற்கள் வருவதே இல்லை.

பழைய யாத்ரீகர் ஒருவரைக் கதைக்குள் கொண்டுவரும் எழுத்தாளர் அவருடைய இன வெறுப்பை மழுங்கடிக்கலாமா? கூடாது என்பதே என் கட்சி. மழுங்கடிப்பதால் காப்பாற்றப்படுபவர் யாத்ரீகர்தான். அவர் இழித்துப் பேசிய மக்களுக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை. பதில் சொல்லக் கிடைத்த ஒரே இடத்தையும் அவர்கள் இழக்கிறார்கள். மலகூடத்தையே பாருங்கள். காஞ்சியிலிருந்து தெற்கே 3,000 லி (சீனத் தொலைவு அளவை) தொலைவு என்கிறார். அவர் அங்கே போகவே இல்லை, கேள்விப்பட்டதை எழுதினார் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். நடுவில் கிடக்கும் நம் நடுநாட்டைப் பற்றி, மணிமுத்தாற்றங்கரை விருத்தாசலத்தைப் பற்றியோ நல்லூரைப் பற்றியோ, ஒரு சொல்லும் இல்லை. தங்கிப் பழகிய ஊருக்குப் புகழ். கால் படாத ஊருக்கு இகழ்ச்சி. வெறுப்பு எங்கிருந்து ஊறுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று ஒரு நாவலாசிரியருக்கு எங்கே கிடைக்கும்? அவர் காதில் மலகூடத்தைப் பற்றி ஓதியவர் யார், காஞ்சி மடத்துப் பிக்குவா, வடக்கத்தி வணிகரா என்று கேட்ட மாத்திரத்தில் ஒரு காட்சி பிறந்துவிடும். இகழ்ச்சியை எடுத்துவிட்டால் அந்தக் கேள்வியே எழாது.

இன்னொன்றும் தொலைகிறது. நாடு திரும்ப முனைந்தபோது நாளந்தாவின் பிக்குகள் யுவான் சுவாங்கைத் தடுத்தார்கள். சீனம் மிலேச்ச தேசம், புத்தர்கள் பிறக்காத எல்லைப்புறம், அங்கே ஏன் போகிறீர்கள் என்றார்கள். தம் நாட்டின் சட்டத்தையும் ஒழுக்கத்தையும் எடுத்துச்சொல்லி அவர் வாதாடினார் என்று அவருடைய சீடர் ஹுய்லி எழுதிய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. இழிக்கப்படுவதன் வலியை அறிந்த மனிதர், பார்த்திராத தென்னாட்டவரை அதே பாணியில் இழிக்கிறார். முழு மனிதர் இங்கேதான் தெரிகிறார்.

இதற்கு எதிர்வாதங்கள் உண்டு. அவர் அந்தக் காலத்து மனிதர், இன்றைய அளவுகோலால் அளக்கலாமா என்பார்கள். அளவுகோல் அவரிடமே இருந்ததே! காஞ்சி மக்களைக் கல்வியாலும் வாய்மையாலும் எடைபோட்டவர் அவர்தான். மொராக்கோ யாத்ரீகர் இபின் பதூதாவும் அப்படியே. 1352இல் மேற்கு ஆப்பிரிக்காவின் மாலிக்குப் போனவர் கறுப்பின மக்களின் பழக்கங்களை அருவருப்போடு எழுதினார். அங்கே அநீதி அரிது, வழிப்போக்கருக்குப் பயமில்லை என்றும் எழுதினார். இரண்டையும் எழுதியது ஒரே கை. நாவல் வரலாறு அல்ல, எழுத்தாளருக்குச் சுதந்திரம் வேண்டாமா என்பது அடுத்த கேள்வி. தாராளமாக வேண்டும். யாத்ரீகர் பார்க்காததைக் காட்டவும், அவர் பெயர்கூடக் கேட்காதவர்களைப் பேசவைக்கவும் அந்தச் சுதந்திரம் பயன்படட்டும். விடுதலைக்கு முந்தைய ஆண்டுகளில் எழுதிய கல்கிக்குத் தமிழரின் பெருமையை நிமிர்த்த வேண்டிய தேவை இருந்தது. அதைக் குறைசொல்ல மாட்டேன். இன்று எழுதுபவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

வலுவான மறுப்பு ஒன்றுதான். இழிசொல்லை மறுபடி அச்சேற்றினால் புண்படுவோர் உண்டு, அதையே ஆயுதமாக்குவோரும் உண்டு. இந்த அச்சம் நியாயமானது. அதற்காகவே சொல்கிறேன்: யாத்ரீகரின் கண் மட்டுமே கதையின் கண்ணாக இருக்கக் கூடாது. யுவான் சுவாங்கின் குறிப்புகள் 646இல் சீனப் பேரரசர் தைசோங்கின் விருப்பப்படி தொகுக்கப்பட்டவை. அரசவைக்கு நாடுகளின் தன்மையைத் தெரிவிப்பது அவற்றின் வேலை. ஒரு தேசத்து மக்கள் முழுவதையும் இரண்டு வரியில் அடக்கும் பழக்கம் அங்கிருந்தும் வருகிறது. அந்த இரண்டு வரியைக் கதையில் அப்படியே வைத்து, பக்கத்திலேயே பாண்டிய நாட்டு வணிகன் ஒருவனைப் பெயரோடும் குடும்பத்தோடும் கணக்கோலையோடும் நிறுத்துங்கள். துறவியின் தீர்ப்பை அவன் கேட்கட்டும், தன் நியாயத்தைச் சொல்லட்டும். யாரை நம்புவது என்பதை வாசகர் முடிவுசெய்துகொள்வார்.