கைராசியும் கடிகாரமும்

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு நான் இஞ்சி தட்டிப் போட்டு டீ கொதிக்கவைத்தால் அந்த வாசனை மாடி வரைக்கும் போய்விடும். கொஞ்ச நேரத்தில் மாடி வீட்டுப் பெண் இறங்கி வருவாள். அடையாறு காந்தி நகரில் எங்கள் குடியிருப்பு. அவளுக்கு இரண்டு பிள்ளைகள், பழைய மாமல்லபுரம் சாலையில் ஆபீஸ், காலை ஏழேகாலுக்கு ஸ்கூல் வேன். பெற்ற தாய் திருநெல்வேலியில் இருப்பதால் அடுப்படிச் சந்தேகங்கள் எல்லாம் என்னிடம்தான் வரும்.

அன்றைக்கு டம்ளரைக் கையில் வாங்கியவள் குடிக்காமலே உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, எனக்குக் கைராசி இல்லையாம். அத்தை போன்ல சொல்றாங்க. ஒரு வாரம் மாவு பொங்கவே மாட்டேங்குது. இன்னொரு வாரம் பொங்கி வழிஞ்சு, புதன்கிழமைக்குள்ள புளிச்சுப் போயிடுது. அதே அரிசி, அதே உளுந்து. நான் என்னதான் தப்பு பண்றேன்?"

குரல் உடைந்திருந்தது. மாவுக்கா இத்தனை வருத்தம் என்று தோன்றலாம். வேலைக்குப் போகும் அம்மாவுக்கு அந்த மாவுத் தூக்குதான் வாரத்தின் அச்சாணி. அது சரியாக இருந்தால் நாலு காலைப்பொழுதும் இரண்டு ராத்திரியும் ஓடிவிடும். அது கெட்டுப்போனால் தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து "இன்னிக்கு என்ன?" என்று புதிதாக யோசிக்க வேண்டும். அந்தக் களைப்பின் மேல் கைராசி இல்லை என்ற பழியும் சேர்ந்தால் யாருக்குத்தான் தாங்கும்?

"கைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. முதல்ல டீயைக் குடி" என்றேன்.

மாவைப் பொங்கவைக்கும் நுண்ணுயிர் வெளியிலிருந்து வருவதில்லை. கடையிலிருந்து வாங்கி வரும்போதே அது உளுந்தில் ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. 1965-இல் நியூயார்க் மாநிலத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் நம் இட்லி மாவை எடுத்து வைத்துக்கொண்டு இதைத்தான் ஆராய்ந்தார்கள். லியூகோநாஸ்டாக் மெசென்டிராய்டஸ் என்ற பாக்டீரியாதான் மாவை உப்பவைக்கும் முக்கியமான ஆள் என்று அந்த ஆய்வு சொன்னது. அரிசியையும் உளுந்தையும் ஊறவைக்கும்போதே அது பெருகத் தொடங்கிவிடும். ஊறிய பிறகு நாலைந்து தண்ணீர் விட்டு அலசினால் அதில் பாதியைத் தொட்டியில் கொட்டிவிடுகிறோம். கழுவுவதெல்லாம் ஊறவைப்பதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். ஊறிய தண்ணீரைத்தான் அரைக்கும்போது தெளிக்க வேண்டும்.

கையால் கலக்கச் சொல்கிறார்களே என்றாள். கலக்கலாம், நல்லதுதான். கனமான அரிசி மாவுக்குள் உளுந்து மாவு எல்லா இடமும் பரவ வேண்டும், அதற்குக் கையைப் போல வசதியான கரண்டி இல்லை. அது என் கையா, அவள் கையா, அவள் வீட்டுக்காரர் கையா என்பது மாவுக்குத் தெரியாது.

அவளுக்கு நான் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். பொங்குவது வேறு, புளிப்பது வேறு. இரண்டும் ஒரே வேலை என்று நினைப்பதால்தான் தவறுகிறோம். முதல் சில மணி நேரம் அந்த பாக்டீரியா காற்றை விடுகிறது, கூடவே கொஞ்சம் அமிலமும். உளுந்தின் வழவழப்பு அந்தக் காற்றை வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது, அதனால் மாவு ஏறுகிறது. பிறகு வேறு வகை பாக்டீரியாக்கள் கை ஓங்கி, காற்றே விடாமல் அமிலத்தை மட்டும் ஏற்றிக்கொண்டே போகும். ஏறி முடித்த மாவை வெளியிலேயே விட்டுவைத்தால் அதன்பிறகு நடப்பதெல்லாம் புளிப்பு மட்டும்தான். ஏறி நின்ற அந்த நேரத்தில் அது ஃப்ரிட்ஜுக்குள் போயிருக்க வேண்டும்.

"அது எப்போன்னு எப்படித் தெரியும்?"

கடிகாரத்தையும் பார்க்க வேண்டும், காலண்டரையும் பார்க்க வேண்டும். சித்திரை, வைகாசியில் சென்னையில் ராத்திரியிலும் 27, 28 டிகிரி இருக்கும். அதுவும் சமையல் முடிந்த அடுக்களையில் சூடு இன்னும் கூடுதல். ஆறேழு மணி நேரத்தில் மாவு தயார். சாயங்காலம் ஐந்து மணிக்கு அரைத்து வைத்தால் பதினொன்று, பதினொன்றரைக்கே பொங்கி நிற்கும். நாம் தூங்கிவிடுவோம். காலை ஐந்தரை வரைக்கும் இன்னொரு ஆறு மணி நேரம் அது புளித்துக்கொண்டே கிடக்கும். மார்கழியில் ராத்திரி 21, 22 டிகிரி, அதே மாவுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும். ஐந்து மணிக்கு அரைத்தால்தான் காலையில் ஏறியிருக்கும். இவள் வருஷம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு அரைக்கிறாள். ஒரு மாசம் பொங்கவில்லை, ஒரு மாசம் வழிகிறது. கைராசியின் ரகசியம் இவ்வளவுதான்.

உள்ளே கூட்டிப்போய் என் மாவைக் காட்டினேன். காலையில் அரைத்தது. தூக்கில் பாதிதான் ஊற்றியிருந்தேன், இப்போது கழுத்து வரை வந்திருந்தது. மேல்பரப்பு நடுவில் லேசாகக் குமிழ்ந்து, அங்கங்கே ஊசி குத்தினாற்போலத் துளைகள். கரண்டியை ஓரமாக இறக்கித் தூக்கினால் உள்ளே தேன்கூடு மாதிரி அறைகள், 'உஸ்' என்று ஒரு சத்தம். வாசனையில் புளிப்பு இன்னும் தூக்கலாக வரவில்லை, பால் திரிந்தாற்போல மெல்லிய மணம். "இதுதான் அந்த நேரம், கிளறாம அப்படியே உள்ள வை" என்று அவள் கையிலேயே கொடுத்து வைக்கச் சொன்னேன். கிளறினால் பிடித்துவைத்த காற்றெல்லாம் போய்விடும்.

அளவைக் கேட்டாள். நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு முழு வெள்ளை உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். புது உளுந்தானால் இதுவே போதும், கடையில் வெகுநாள் கிடந்ததானால் கொஞ்சம் கூடப் போட வேண்டியிருக்கும். உளுந்தைத் தனியாக, தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, இருபத்தைந்து முப்பது நிமிஷம் பொங்கப் பொங்க அரைக்க வேண்டும். ஒரு துளியைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும், மூழ்கினால் இன்னும் அரைபட வேண்டும். அரிசி ரவைப் பதம். மிக்ஸியில் அரைத்தால் மாவு சூடேறும், அதனால் ஜில்லென்ற தண்ணீர் விட்டு, நிறுத்தி நிறுத்தி அரைக்க வேண்டும். உப்பு எப்போது போடுவது என்பதில் ஆளுக்கொரு கட்சி. நான் கலக்கும்போதே போட்டுவிடுகிறேன்.

ஃப்ரிட்ஜில் வைப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. ஃப்ரிட்ஜ் பாக்டீரியாவைக் கொல்வதில்லை, தூங்கவைக்கிறது, அவ்வளவே. பெரிய தூக்கைக் காலையில் எடுத்து மேடையில் வைத்து, எல்லோருக்கும் தோசை வார்த்து, ஒரு மணி நேரம் கழித்துத் திரும்ப உள்ளே வைத்தால் தினமும் ஒருமுறை அதை எழுப்பி விடுகிறோம். மாவை அரைத்ததுமே இரண்டு மூன்று டப்பாவாகப் பிரித்து ஊற்றிப் பொங்கவிட்டால் ஒவ்வொன்றாக எடுத்துத் தீர்க்கலாம். முதல் இரண்டு நாள் இட்லி, அடுத்த இரண்டு நாள் தோசை, அதற்கப்புறம் புளிப்பு ஏறியதை வெங்காயம், பச்சைமிளகாய் போட்டு ஊத்தப்பமோ குழிப்பணியாரமோ ஆக்கிவிடலாம். புளித்த மாவில் குற்றமே இல்லை, அதற்கென்று ஒரு பலகாரம் இருக்கிறது.

அரைக்க முடியாத வாரத்தில் தெருமுனைக் கடை மாவை வாங்குவதற்கும் அவள் கூச்சப்பட்டாள். கூச்சமே வேண்டாம். "எப்போ அரைச்சது?" என்று கேட்டு, பொங்காத மாவாக வாங்கி, வீட்டுப் பாத்திரத்தில் மாற்றி நாமே பொங்கவிட்டால் அது நம் மாவுதான். பாக்கெட் பலூன் மாதிரி உப்பியிருந்தால் அது ஏற்கெனவே ஏறி முடித்தது, அன்றைக்கே தோசைக்கு ஆகும், வாரத்துக்கு ஆகாது.

1951-இல் மீனாட்சி அம்மாள் 'சமைத்துப் பார்' புத்தகத்தை சென்னையில் வெளியிட்டபோது அதை வாங்கியவர்களில் எத்தனையோ பேர் இவளைப் போலத்தான் இருந்திருப்பார்கள். கல்யாணமாகி ஊர் விட்டு ஊர் வந்து, பக்கத்தில் கேட்க ஒரு பெரியவள் இல்லாதவர்கள். உப்பு எவ்வளவு, எந்த நேரத்தில் இறக்குவது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது போல எழுதியிருந்தார். 'கண் அளவு, கை அளவு' என்று சொல்லிவிட்டால் தெரியாதவளுக்கு அது பூட்டிய கதவு. நம் வீட்டுப் பெரியவர்கள் பல பேருக்கு முறை தெரியும், காரணம் சொல்ல வராது, அந்த இடத்தில்தான் கைராசி என்ற வார்த்தை வந்து உட்கார்ந்துகொள்கிறது.

டீ ஆறிவிட்டது. சூடு பண்ணிக் கொடுத்தேன். அதற்குள் அடுத்த சந்தேகம்: பருப்பு வேகமாட்டேன் என்கிறது, எட்டு விசில் விடுகிறேன்.

இது முழுக்க எங்கள் பக்கத்துத் தண்ணீர் விவகாரம். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் வறண்டபோது இந்தக் குடியிருப்பில் போர் தண்ணீரும் லாரித் தண்ணீருமாக ஓட்டினோம். அந்தக் கோடையில் எங்கள் வீட்டுத் துவரம்பருப்பு கல்லாட்டம் நின்றது, பருப்பு பழசென்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாத குறை. உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் பருப்பின் சதையோடு பிணைந்து அதைக் குழைய விடாமல் இறுக்கிவிடுகின்றன. குளிக்கிற தண்ணீரில் சோப்பு நுரைக்கவில்லையென்றால் அந்தத் தண்ணீரில் பருப்பும் வேகாது. பருப்புக்கு மட்டும் குடிக்கிற தண்ணீரை ஊற்றி அரைமணி ஊறவைத்துவிட்டுக் குக்கரில் வை என்றேன். சோடா உப்பு ஒரு சிட்டிகை போட்டால் குழையும், ஆனால் பருப்பிலிருக்கும் பி1 வைட்டமின் அழியும், பிள்ளைகள் சாப்பிடும் வீட்டில் அது வேண்டாம். புளியையும் பருப்பு வெந்த பிறகுதான் சேர்க்க வேண்டும், புளிப்பும் வேகவிடாமல் தடுக்கும்.

எட்டு விசிலும் வீண். குக்கருக்குள் வெயிட் அனுமதிக்கும் அழுத்தத்தில் சூடு சுமார் 120 டிகிரி. அதற்கு மேல் தீயைக் கூட்டினாலும் உள்ளே சூடு ஏறாது, மிஞ்சிய ஆவியை விசிலாக வெளியே தள்ளும், சிலிண்டர்தான் சீக்கிரம் தீரும். முதல் விசில் வந்ததும் சிம்மில் வைத்துப் பத்து நிமிஷம், பிறகு அடுப்பை அணைத்து அழுத்தம் தானாக அடங்கும் வரை தொடாமல் இருந்தால் போதும். அடியில் பருப்பு, மேலே அரிசி, அதற்கு மேல் உருளைக்கிழங்கு என்று அடுக்கிவிட்டுத் தலை பின்னப் போய்விடலாம்.

கீரைக்கு அதிகம் சொல்லவில்லை. மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் அவள் சனிக்கிழமை வாங்கி வருவதை வேர் கிள்ளி, கழுவாமல், ஈரம் உலர்த்தி, காட்டன் துணியில் சுற்றி வைத்தால் மூன்று நாள் நிற்கும். தக்காளிக்கும் வாழைப்பழத்துக்கும் பக்கத்தில் வைத்தால் மறுநாளே மஞ்சள் தட்டும், அவை விடும் எத்திலீன் வாயு இலையைப் பழுக்கவைத்துவிடும்.

தயிர்சாதம் மட்டும் இன்னும் பாக்கி இருந்தது. பெரியவன் டப்பாவைத் திருப்பிக் கொண்டுவருகிறானாம், புளிக்கிறதாம். காலை ஆறரைக்குத் தயிரே ஊற்றிப் பிசைந்தால் பன்னிரண்டரைக்குப் புளிக்கத்தானே செய்யும்? சாதத்தைக் குழைய வடித்து, கை பொறுக்கும் சூட்டில் காய்ச்சிய பாலைத் தாராளமாக விட்டுப் பிசைந்து, ஒரே ஒரு ஸ்பூன் தயிர் கலந்து, உப்புப் போட்டு மூடிவிட வேண்டும். ஏழேகாலுக்கு வேனில் ஏறும்போது அது பால்சாதம், மணி அடிக்கும்போது தயிர்சாதம். மாவில் நடந்ததேதான் இந்த டப்பாவிலும் நடக்கிறது. பொங்குவதற்குப் பதில் உறைவது, நேரம் மட்டும் நாம் குறித்துக் கொடுத்தது.

அவள் சிரித்தாள். போனை எடுத்து அலாரம் வைக்கப் போனவள் நிறுத்தி, மாடியைப் பார்த்துக் கணவரைக் கூப்பிட்டாள். ராத்திரி பதினொன்றரை வரை கிரிக்கெட் பார்ப்பவர் அவர்தான்.

"நாளைக்கு அஞ்சு மணிக்கு நான் அரைச்சு வெச்சுடறேன். பதினொண்ணரைக்கு நீங்க பாருங்க. கழுத்து வரைக்கும் வந்திருந்தா கிளறாம உள்ள வைக்கணும். கிளறாம, சரியா?"

"வரலைன்னா?" என்று மேலிருந்து குரல் வந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். வைகாசி மாசம், வந்துவிடும் என்றேன்.