கணவருக்குக் கொட்டகை... மனைவிக்கு மாடி அறை! அமெரிக்க ஓவியத்தின் திசையை மாற்றிய வீடு

நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் ஸ்பிரிங்ஸ் என்றொரு சிற்றூர். அங்கே ஒரு பழைய மர வீடு, பின்னால் ஒரு கொட்டகை. கொட்டகைக்குள் போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, அங்கே தரும் மெத்தென்ற காலணியைத்தான் மாட்டிக்கொள்ள வேண்டும். காரணம், தரையெங்கும் சிந்திக் கிடக்கும் பெயின்ட்! அதைச் சிந்தியவர் ஜாக்சன் போலாக். அமெரிக்க நவீன ஓவியம் என்றதும் முதலில் நினைவுக்கு வரும் பெயர்.

அதே வீட்டில் இன்னோர் ஓவியரும் இருந்தார். போலாக்கின் மனைவி லீ கிராஸ்னர். அவருக்குக் கிடைத்த இடம், மாடியில் ஒரு சிறிய படுக்கையறை.

பாரிஸைப் பார்த்துக்கொண்டிருந்த காலம்

20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓவியம் என்றாலே பாரிஸ்தான். 1913-ல் நியூயார்க்கில் நடந்த 'ஆர்மரி ஷோ' கண்காட்சியில்தான் மத்தீஸ், பிக்காஸோ, டுஷாம்ப் போன்றவர்களின் படைப்புகளைப் பெரும்பாலான அமெரிக்கர்கள் முதன்முறையாகப் பார்த்தார்கள். பலர் கேலி செய்தார்கள். ஆனால், இளம் ஓவியர்களின் மனதில் அது விதையாக விழுந்தது.

1930-களில் பொருளாதாரம் சரிந்தது. படம் வாங்க ஆளில்லை. 1935-ல் அமெரிக்க அரசு ஒரு திட்டம் கொண்டுவந்து, ஓவியர்களுக்குச் சம்பளம் கொடுத்து வரையவைத்தது. லீ, போலாக், மார்க் ரோத்கோ, வில்லெம் டி கூனிங் எல்லோருக்கும் அந்தக் கஷ்ட காலத்தில் சோறு போட்டது அந்தத் திட்டம்தான். பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. மோந்த்ரியான், மாக்ஸ் எர்ன்ஸ்ட் போன்ற ஐரோப்பிய ஓவியர்கள் உயிர் தப்பி நியூயார்க் வந்து சேர்ந்தார்கள். ஓவியத்தின் தலைநகரம் மெள்ள இடம் மாறியது.

கதவைத் தட்டிய லீ

ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில், 1908-ல் புரூக்ளினில் பிறந்தவர் லீ. முறையாக ஓவியம் படித்தவர். அவருடைய ஆசிரியர் ஹான்ஸ் ஹாஃப்மன் ஒருமுறை, 'இதை ஒரு பெண் வரைந்தது என்றே தெரியவில்லை. அவ்வளவு நன்றாக இருக்கிறது' என்ற பொருளில் சொன்னாராம். அந்தக் காலத்தில் அது பாராட்டு!

1942-ல் ஒரு கண்காட்சிக்கு லீயின் படமும் தேர்வானது. உடன் இடம்பெற்றவர்களில் போலாக் என்ற பெயர் மட்டும் அவருக்குப் பழக்கமில்லை. அருகில்தான் வசிக்கிறார் என்று தெரிந்ததும் நேரே போய்க் கதவைத் தட்டினார். உள்ளே பார்த்த படங்கள் அவரை அசரவைத்தன. தனக்குத் தெரிந்த ஓவியர்களையும் விமர்சகர்களையும் போலாக்குக்கு அறிமுகப்படுத்தினார்.

1945-ல் திருமணம். கலைச் சேகரிப்பாளர் பெகி குகன்ஹைம் கடன் கொடுக்க, ஸ்பிரிங்ஸ் வீட்டை வாங்கினார்கள். கொட்டகை போலாக்கின் ஸ்டூடியோ ஆனது. 1947-ல் அவர் கேன்வாஸைத் தரையில் விரித்து, சுற்றிச் சுற்றி நடந்து, குச்சியாலும் காய்ந்த பிரஷ்ஷாலும் பெயின்ட்டைச் சொட்டவிட்டு வரையத் தொடங்கினார். 1949-ல் 'லைஃப்' பத்திரிகை, இவர்தான் அமெரிக்காவின் தலைசிறந்த ஓவியரா என்று கேட்டு அவரைப் பற்றி எழுதியது. ஒரே நாளில் நாடறிந்த மனிதரானார்.

மாடியில் லீயும் வரைந்துகொண்டுதான் இருந்தார். அறை சிறியது, அதனால் படங்களும் சிறியவை. புரியாத எழுத்துகளைப் போல நெருக்கமான கோடுகளால் நிறைந்த அந்த வரிசைக்கு 'லிட்டில் இமேஜ்' என்று பெயர். மனம் ஒப்பாத தன் ஓவியங்களைக் கிழித்து, அந்தத் துண்டுகளை ஒட்டியே புதிய படங்களும் செய்தார். இடையில், கணவரின் குடிப்பழக்கத்தோடும் போராட வேண்டியிருந்தது.

தூக்கமில்லாத இரவுகள்

1956 ஆகஸ்ட் 11. குடித்துவிட்டு கார் ஓட்டிய போலாக், வீட்டுக்கு அருகிலேயே விபத்தில் இறந்தார். வயது 44. காரில் வந்த ஓர் இளம்பெண்ணும் உயிரிழந்தார். ஐரோப்பாவில் இருந்த லீ, செய்தி கேட்டுத் திரும்பினார்.

அடுத்த ஆண்டு அவர் எடுத்த முடிவு முக்கியமானது. கொட்டகையைப் பூட்டிவைக்கவில்லை, தன் ஸ்டூடியோவாக்கிக்கொண்டார். அங்கே வரைந்த 'தி சீசன்ஸ்' ஓவியத்தின் அகலம் 5 மீட்டருக்கும் அதிகம்! பிறகு தூக்கமின்மை வாட்டியது. இரவில்தான் வரைய முடிந்தது. விளக்கு வெளிச்சத்தில் வண்ணங்களைக் கையாள அவருக்குப் பிடிக்காது. எனவே பழுப்பும் வெள்ளையுமாகவே வரைந்து தள்ளினார்.

அங்கீகாரம் மெதுவாகத்தான் வந்தது. 1965-ல் லண்டனில் பெரிய கண்காட்சி நடந்தது. அவருடைய வாழ்நாள் படைப்புகளின் கண்காட்சி 1983-ல் ஹூஸ்டனில் தொடங்கியது. அது நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு வந்தபோது 1984 டிசம்பர். லீ அதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பே, ஜூனில் காலமாகியிருந்தார்.

ஆனால், கஷ்டப்படும் ஓவியர்களுக்கு உதவத் தன் சொத்தை விட்டுச்சென்றிருந்தார். 1985-ல் தொடங்கிய போலாக்-கிராஸ்னர் அறக்கட்டளை இன்றும் பல நாட்டு ஓவியர்களுக்கு நிதி கொடுக்கிறது. 2019-ல் அவருடைய பழுப்பு நிற ஓவியம் ஒன்று 1.1 கோடி டாலருக்கும் அதிகமாக ஏலம் போனது.

ஸ்பிரிங்ஸ் வீடு இப்போது அருங்காட்சியகம். கொட்டகையின் தரையில் இருப்பது போலாக்கின் பெயின்ட். கேன்வாஸைச் சுவரில் மாட்டி வரைந்த லீயின் வண்ணங்கள் சுவரில் தெறித்திருக்கின்றன. குனிந்து தரையைப் பார்ப்பவர்கள், கொஞ்சம் நிமிர்ந்து சுவரையும் பார்க்கலாம்!