மயில்துத்தமும் கடல்மீன் தொட்டியும்

ஏலமலைச் சாரலிற் பிறந்து வளர்ந்தார்க்கு மயில்துத்தம் புதுப்பொருளன்று. தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன், போடிமெட்டுப் பக்கத்துத் தோட்டங்களில், 1 கிலோ மயில்துத்தத்தையும் 1 கிலோ சுண்ணாம்பையும் தனித்தனியே கரைத்து, 100 லிட்டர் நீராக்கிக் கலந்து, ஏலச்செடிகளின்மேல் தெளிப்பது வழக்கம். பிஞ்சையும் காயையும் அழுகச் செய்யும் நோய்க்கு அது தடையாகும். 1885ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்துப் போர்டோ நகரப் பேராசிரியர் மில்லார்டே என்பார் திராட்சைக் கொடியின் நோய்க்கு மருந்தென அறிவித்த கலவை இதுவே. மலையில் இத்துணை நன்மை செய்யும் இப்பொருள், எம் ஊராகிய போடிநாயக்கனூரில் ஒரு வீட்டில் செய்த தீமையையும், அதனால் யாம் கற்றுக்கொண்டதையும் நம் கல்லூரி அன்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் எம் நண்பரொருவர் தம் இல்லத்தில் கடல்மீன் தொட்டியொன்று அமைத்தார். 200 லிட்டர் உப்புநீர். பவளத்திட்டுப் போலத் தோன்றுமாறு அடுக்கிய சுண்ணாம்புக் கற்கள். அவற்றினிடையே இரண்டு இறால், நாலைந்து நத்தை, ஓரிணைக் கோமாளி மீன். உயிருள்ள கற்பவளம் அதில் இல்லை. 2001ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிற் சேர்ந்திருத்தலின், அதனைக் கடலினின்றும் எடுப்பது குற்றமாகும். சின்னாள் கழித்து நண்பர் புதிய மீனொன்று வாங்கி, அன்றே தொட்டியில் விட்டார். பத்து நாளில் மீன்களின் மேனியெங்கும் உப்புத் தூவினாற்போல வெண்புள்ளிகள் தோன்றின.

நண்பரின் பெரியப்பா தோட்டத் தொழிலில் நெடுங்காலம் பழகியவர். "தம்பி, காய் அழுகலுக்கே கேட்கிற மருந்து, இந்தப் பொட்டுக்குக் கேளாதா?" என்றார். அருகிருந்த யாமும் ஆமென்று தலையசைத்தோம். ஒரு சிட்டிகை மயில்துத்தம் தொட்டியில் விழுந்தது. விடிவதற்குள் இறால்கள் இரண்டும் மல்லாந்து கிடந்தன. கண்ணாடியைப் பற்றியிருந்த நத்தைகள் ஒவ்வொன்றாய்க் கழன்று வீழ்ந்தன. மீன்களோ பிழைத்திருந்தன, நான்காம் நாள் வெண்புள்ளிகளும் மறைந்தன. மருந்து பலித்ததென்று மகிழ்ந்தோம். இரண்டு வாரத்திற்குள் புள்ளிகள் முன்னினும் மிகுதியாய்த் திரும்பின. கோமாளி இணையில் ஒன்று மாண்டது.

இதன் காரணம் அந்நோயை உண்டாக்கும் உயிரின் வாழ்க்கையிலே அடங்கியிருக்கிறது. கிரிப்டோகாரியான் இரிட்டான்ஸ் என்பது அதன் பெயர். ஒற்றை உயிரணுவாலாகிய ஒட்டுண்ணி. அது மீனின் தோலிலும் செவுளிலும் மேற்படலத்தினடியிற் புகுந்து, 3 முதல் 7 நாள் வரை உண்டு பருக்கின்றது. அப்பருவமே நாம் காணும் வெண்புள்ளி. பின்னர்த் தானே மீனை விட்டு நீங்கி, கல்லிலோ மணலிலோ ஒட்டி, தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்கின்றது. கூட்டினுள் ஒன்று பலவாகப் பிரிந்து, நீந்தும் குஞ்சுகளாய் வெளிவந்து, மீண்டும் மீனைத் தேடுகின்றது. தோலினடியில் இருக்கும்போதும் கூட்டினுள் இருக்கும்போதும் செம்பு அதனை எளிதில் தீண்டமாட்டாது. நீந்தித் திரியும் அச்சிறு பொழுதிலேயே அது செம்புக்கு இரையாகும். ஆதலின் புள்ளி மறைந்தது நோய் நீங்கியதன் அறிகுறியன்று. ஒட்டுண்ணி மீனின் மேனியை விட்டுக் கல்லிற் குடிபுகுந்ததன் அறிகுறியே.

அப்படியாயின் செம்பை நீரில் நிலைநிறுத்தி வைத்தாலென்ன என்னலாம். அங்கே இரண்டு இடர்கள் உண்டு. முதலாவது, முதுகெலும்பற்ற பிராணிகளுக்குச் செம்பு கொடிய நஞ்சு. இறாலின் இரத்தத்தில் பிராணவாயுவைத் தாங்குவதே செம்பு கலந்த ஒரு பொருள்தான்; எனினும் நீரிற் செம்பு சிறிது மிகுந்தாலும் அது மடிகின்றது. நத்தைக்கும் பவளத்துக்கும் அதே கதி. மீனுக்கு மருந்தாகும் அளவு இவற்றுக்கு மரண அளவு. இரண்டாவது, சுண்ணாம்புக் கற்கள் செம்பைத் தம்பால் ஈர்த்துக்கொள்கின்றன. அதனால் நீரில் மருந்தின் அளவு குறைந்து, குஞ்சுகள் தப்பிப் பிழைக்கின்றன. பின்னொருநாள் கல்லிலிருந்து செம்பு கசியவும் கூடும். அக்கற்களிடையே மீண்டும் இறால் விட எம் நண்பர் துணியவில்லை.

ஆகவே, குடியிருக்கும் தொட்டிக்கு மருந்தைக் கொண்டுசெல்லாது, நோயாளியாகிய மீனை மருந்துள்ள இடத்திற்குக் கொண்டுசெல்வதே முறை. கல்லும் மணலும் இல்லாத தனித்தொட்டியொன்று வேண்டும். காற்றூட்டியும், மீன் ஒதுங்குதற்குச் சில பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளும் போதும். அதில் கரைந்த செம்பு லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை இருத்தல் வேண்டும். இரண்டு மூன்று நாளிற் படிப்படியாக அவ்வளவை எட்டி, நாடோறும் சோதனைப் பெட்டியால் அளந்து, மூன்று வாரத்திற்குக் குறையாமற் காத்தல் வேண்டும். கழிவால் அம்மோனியா பெருகாவண்ணம் நீரை மாற்றும்போது, புதிய நீருக்கும் அதே கணக்கில் மருந்து சேர்க்க வேண்டும். கடையில் விற்கும் கூட்டுச் செம்பு மருந்துகளுக்கு அளவு வேறு. அவற்றின் உறையிலுள்ள கணக்கையே பின்பற்றுக.

இவ்வளவின் நுண்மையைத் தோட்டத்துக் கணக்கோடு ஒப்பிட்டு நோக்குவோம். மயில்துத்தத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கே செம்பு. 100 லிட்டர் நீருக்கு 20 மில்லிகிராம் செம்பு வேண்டுமாயின், மயில்துத்தம் 79 மில்லிகிராம் போதும். ஏலச்செடிக்கோ அதே 100 லிட்டருக்கு 1 கிலோ. பன்னீராயிரம் மடங்கிற்கும் மேல்! சிட்டிகையால் அளக்கும் கைக்கு இது அடங்காது. பயிர்த்தொழிலுக்கென விற்கும் மயில்துத்தத்தில் பிற பொருள்கள் கலந்திருத்தலும் கூடும்.

அளக்கும் கருவி இல்லாதார்க்கு மருந்தே வேண்டாத வழியொன்று உளது. 1987ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியின் பயன் அது. மூன்று நாளுக்கொருமுறை மீனைச் சுத்தமான புதிய நீருள்ள வேறு தொட்டிக்கு மாற்றி, இங்ஙனம் நான்கு முறை செய்ய வேண்டும். உதிர்ந்த ஒட்டுண்ணிகள் கூட்டிலிருந்து வெளிவருமுன் மீன் இடம் பெயர்ந்துவிடும். பழைய தொட்டியைக் கழுவி நன்றாக உலர்த்திவிட்டால் கூடுகளும் அழியும். எஞ்சிய இரு மீன்களை இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தியே யாம் காத்தோம்.

மீன் நலம் பெற்றவுடன் பழைய தொட்டியில் விடலாகாது. சில கூடுகள் 72 நாள் வரையிலும் கழித்துத் திறந்ததுண்டு. மீனில்லாமல் அவ்வொட்டுண்ணி வாழாது. இறாலையும் நத்தையையும் அது பற்றுவதில்லை. ஆதலின் மீனற்ற தொட்டியாகப் பதினொரு வாரம் விட்டுவைத்தால், மற்றைப் பிராணிகளுக்கு ஊறின்றி நோய் தானே ஒழியும். புதிய மீனையும் ஒரு மாதமேனும் தனியே வைத்துப் பார்த்த பின்னரே சேர்க்க வேண்டும். எம் நண்பர் இவ்வொன்றைச் செய்திருப்பின் மற்றவை யாவும் நேர்ந்திரா.

நன்னீர் மீன் வளர்ப்போரும் ஒன்று கருதுக. காரத்தன்மை லிட்டருக்கு 50 மில்லிகிராமிற்குக் குறைந்த நீரிற் செம்பு மீனையே கொல்ல வல்லது. சுண்ணாம்புச் சத்துக் குறைந்த மென்னீருக்கு இவ்வெச்சரிக்கை பெரிதும் பொருந்தும். மருந்து தெளித்த பீப்பாயை மலையோடையிற் கழுவுவோரும் இதனை எண்ணிப் பார்ப்பாராக. ஓடை கொட்டகுடியாற்றிற் சேர்கின்றது. ஆறு வைகையோடு கலக்கின்றது. தொட்டி மீனுக்கு வேறு தொட்டி கொடுத்து உதவினோம். ஓடையிலுள்ள மீனுக்கும் நத்தைக்கும் மாறிச்செல்ல வேறிடம் இல்லை.