சிறு நிலத்துக்கு எந்த டிராக்டர்?

டிராக்டர் வாங்க விரும்புகிறவர் முதலில் கேட்பது, “எத்தனை குதிரைத்திறன்?” என்பதே. பௌதிகம் பயிலும் மாணவன் என்ற முறையில், அது நான்காவதாகக் கேட்க வேண்டிய கேள்வி என்று சொல்லத் துணிகிறேன். நாஞ்சில் நாட்டில் இரண்டு ஏக்கர் வயல் வைத்திருக்கும் என் மாமா, கடன் பெற்றுச் சிறிய டிராக்டர் ஒன்று வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். நம் சங்கத்து நண்பர் பலருடைய வீடுகளிலும் இக்கேள்வி எழக்கூடும். ஆதலின் அவருக்குச் சொல்ல வேண்டியதை இங்கே விளக்குகிறேன்.

முதற் கேள்வி, மண் எத்தகையது என்பது. நெல்வயலின் சேற்றுக்கு அடியில் இறுகிய மண்தளம் ஒன்று உண்டு. பாய்ச்சிய நீர் கீழே வடிந்துவிடாமல் காப்பது அதுவே. 45 குதிரைத்திறன் டிராக்டரின் எடை ஏறத்தாழ இரண்டு டன். அது தொளியில் புதைந்து சக்கரம் வெறுமனே சுழன்றால் அத்தளம் சிதையும். பிறகு வயலில் நீர் நிற்பது அரிது. 15 குதிரைத்திறன் கொண்ட மகிந்திரா யுவராஜின் எடை முக்கால் டன் அளவே. பின்னால் நடந்து செலுத்தும் பவர் டில்லரோ அரை டன்னை ஒட்டியது.

எடை குறைந்தால் இழுவிசையும் குறையாதா? குறையும். ஆனால் சேற்றுழவுக்கு இன்று பெரிதும் பயன்படுவது கலப்பையன்று, ரோட்டவேட்டர். அதன் கத்திகளை எஞ்சினே சுழற்றுகிறது. அவை மண்ணை வெட்டிப் பின்னே தள்ளுகையில் வண்டி முன்னே உந்தப்படுகிறது. ஆகவே இங்கே எடைக் குறைவு பெருங்குறையன்று.

இரண்டாவது கேள்வி, வழி எவ்வளவு அகலம் என்பது. வயலுக்குச் செல்லும் பாதையில் மிகக் குறுகிய இடத்தை அளந்துகொள்ள வேண்டும். வண்டி திரும்பும்போது மூலைகளில் எவ்வளவு நிலம் உழாமல் எஞ்சுமென்றும் பார்க்க வேண்டும். சிறு வயல்களில் அந்த மூலைகளே பெரும்பங்காகிவிடும். நான் குடியிருக்கும் கிழக்கேகோட்டையிலிருந்து வெள்ளாயணிக்குப் பேருந்தில் சென்று அங்குள்ள வயல்களைப் பார்த்தால் இது விளங்கும். 2015-16ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் ஒரு சாகுபடியாளரின் சராசரி நிலம் 0.18 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 44 சென்ட், தமிழ்நாட்டில் 0.75 ஹெக்டேர். 1973இல் அத்தாணியில் தொடங்கப்பெற்ற கேரள அரசு நிறுவனமான காம்கோ, பவர் டில்லருக்குப் பெயர்பெற்றதில் வியப்பில்லை.

மூன்றாவது கேள்வி, ஆண்டில் எத்தனை மணி நேர வேலை என்பது. இதற்குக் கணக்குப் போடுவோம். ரோட்டவேட்டரின் அகலம் 1 மீட்டர், வேகம் மணிக்கு 2 கிலோமீட்டர் என்று கொண்டால், மணிக்கு 2,000 சதுர மீட்டர் ஆகிறது. திரும்புவதற்கும் நிற்பதற்கும் முப்பது விழுக்காடு கழித்தால் 1,400. ஓர் ஏக்கர் 4,047 சதுர மீட்டர்; ஆகவே ஏக்கருக்கு மூன்று மணி நேரம். இரண்டு ஏக்கர், கன்னிப்பூ கும்பப்பூ என இரண்டு போகம், போகத்துக்கு இரண்டு சால் எனில், ஆண்டு முழுவதற்கும் 24 மணி நேரம்! அறுபது சென்டிமீட்டர் அகலமுள்ள டில்லருக்கும் 40 மணி நேரமே. எஞ்சிய நாளெல்லாம் பொறி கொட்டகையில் உறங்கும். கடனுக்கு வட்டியோ உறங்காது.

இனிக் குதிரைத்திறன். மேற்சொன்ன அகலத்துக்கு, பெங்களூரின் வி.எஸ்.டி. நிறுவனத்து 18.5 குதிரைத்திறன் வண்டி போன்றதொன்று போதும். அதற்கு மேற்பட்ட திறன் டீசலையும் எடையையுமே கூட்டும்.

ஆதலின் மாமாவுக்கு என் விடை இது: நெல்லுக்காக மட்டும் தனியாக வாங்க வேண்டாம். தமிழ்நாட்டு வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டர்களை வாடகைக்கு விடுகிறது. அல்லது அக்கம்பக்கத்தார் பத்துப் பேர் கூடி ஒன்று வாங்கலாம். அப்போது 24 மணி நேரம் 240 ஆகும். தென்னந்தோப்பு உழவும் உரமேற்றிச் செல்லும் டிரெய்லர் வேலையும் சேர்ந்தால் சிறிய டிராக்டர் ஏற்றது. குறுகிய வயல் மட்டுமெனில் டில்லரே சாலும். எதுவாயினும், அதைக் காய்ந்த மைதானத்தில் ஓட்டிக் காட்டினால் நம்பாமல், நம் தொளியில் இறக்கி ஓட்டிப் பார்க்க வேண்டும். உதிரிப்பாகம் எவ்வளவு தொலைவில் கிடைக்கும் என்பதையும் விசாரித்த பின்னரே முன்பணம் கொடுக்க வேண்டும்.