ஐயாயிரம் வாட் எங்கிருந்து வரும்?

மாணவர்களே, தீபாவளிக்குள் வீட்டில் ஹோம் தியேட்டர் வாங்கவேண்டும் என்று அப்பாவை நச்சரிக்கிறீர்களா? கடைக்குப் போகும் முன் ஒரு கணக்குப் போடுவோம்.

சில பெட்டிகளின் மேல் '5000 வாட் பி.எம்.பி.ஓ.' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். சுவரில் உள்ள சாக்கெட் 13 ஆம்பியர் வரை தாங்கும். இரண்டையும் பெருக்குங்கள்: 2990 வாட். உள்ளே போகாத ஆற்றல் வெளியே எப்படி வரும்? ஆற்றல் அழியாமை விதி கடைக்காரருக்கும் பொருந்தும்! பி.எம்.பி.ஓ. என்பது கண்ணிமைக்கும் நேரம்கூட நீடிக்காத உச்சத்தைச் சொல்லும் எண். அதை அளக்கப் பொதுவான முறையும் கிடையாது. ஆர்.எம்.எஸ். என்று போட்டிருக்கும் எண்ணைத் தேடுங்கள். ஆம்பிளிஃபையர் தொடர்ந்து தரக்கூடிய திறன் அதுதான்.

அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஐந்து ஸ்பீக்கர்களை இயக்கும் ஆம்பிளிஃபையரில் 'ஒரு சேனலுக்கு 100 வாட்' என்று இருந்தால், அது பெரும்பாலும் இரண்டு சேனல்களை மட்டும் இயக்கி அளந்த எண். ஐந்தும் சேர்ந்து முழங்கும்போது ஒரே பவர் சப்ளையைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஆளுக்குக் கிடைப்பது குறைந்துவிடும்.

சரி, 50 வாட் வாங்குவதா, கூடுதல் பணம் கொடுத்து 100 வாட் வாங்குவதா? வாட் இரட்டிப்பானால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். சத்தம் இரண்டு மடங்கானதுபோல் காதுக்குத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் கூடவேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் தேவை! இங்கேதான் பலர் ஸ்பீக்கரை மறந்துவிடுகிறார்கள். ஒரு வாட் கொடுத்து, ஒரு மீட்டர் தூரத்தில் அளந்தால் எத்தனை டெசிபல் என்று ஸ்பீக்கரின் விவரத்தாளில் இருக்கும். 88 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதில் 91 டெசிபல் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தால், 50 வாட்டே 100 வாட்டின் வேலையைச் செய்யும். என்னைக் கேட்டால், பணத்தை ஸ்பீக்கரில் போடுவதே புத்திசாலித்தனம்.

ஓம் அளவையும் பார்த்துவிடுங்கள். 4 ஓம் ஸ்பீக்கர், 8 ஓம் ஸ்பீக்கரைவிட இரு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அதைத் தாங்காத ஆம்பிளிஃபையர் சூடாகி நின்றுவிடும். சிறிய ஆம்பிளிஃபையரை முழுதாகத் திருகிவைப்பதும் ஆபத்து. ஒலி அலையின் உச்சி தட்டையாக வெட்டுப்பட்டு, உயர்சுரம் எழுப்பும் சின்ன ஸ்பீக்கர் கருகிப்போகலாம்.

ஸ்பீக்கர் கருகினால் மாற்றலாம், காது? 1972 முதல் மின்னணுத் தொழிற்சாலைகள் நிறைந்த நம் பாயான் லெப்பாஸில் வேலை செய்யும் அம்மா, அப்பாவைக் கேளுங்கள். 2019-ஆம் ஆண்டின் இரைச்சல் விதிமுறைப்படி, எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல்தான் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குக் கிடைப்பது வெறும் 15 நிமிடம். நம் தமிழ்ப்படமோ இரண்டரை மணி நேரம் ஓடும்.